மண் கேளாத செடி

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு நீங்கள் எத்தனையோ முறை ரயிலேறிப் போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது, வழியில் நிற்கும் பழைய மரங்களின் கவட்டைகளைச் சற்று அண்ணாந்து பாருங்கள். நீண்ட பச்சை இலைகளை வட்டமாக அடுக்கிக் கூடை செய்தது போல ஒரு செடி உட்கார்ந்திருக்கும். அதுதான் பறவைக்கூட்டுப் பெரணி.

நம் செம்பனையிலும் பெரணிகள் உண்டு. மட்டை வெட்டிய அடிகளில் சருகு சேர்ந்து மக்குவதால் அங்கே சுகமாக வேர் பிடிக்கின்றன. "மரத்தைத் தின்னும் செடி" என்று சொல்லி நம்மவர்கள் கொத்தித் தள்ளுவார்கள். நானும் பல ஆண்டுகள் அதையே பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னேன். என்னைத் திருத்தியது ஒரு விடுமுறைப் பயணம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் அக்காள் இருக்கிறாள். தோட்டத்தை விற்றபோது லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோனவள். போன விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். மறுநாள் காலை இருவரும் பழைய லேக் கார்டனுக்குப் போனோம். 1888-இல் ஆல்ஃபிரட் வென்னிங் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் தோன்றிய அந்தப் பூங்காவுக்கு இன்று பெர்டானா தாவரவியல் பூங்கா என்று பெயர்.

அங்கே ஒரு தூங்குமூஞ்சி மரம். கிளைகள் முழுக்கப் பெரணி. ஆனால் மரத்தில் வாட்டமே இல்லை. பிறகுதான் நூல்களைப் புரட்டினேன். இது புல்லுருவி அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை; உட்கார இடம் மட்டுமே கேட்கிறது. மேலிருந்து விழும் சருகுகளைத் தன் கூடையில் ஏந்தி, மக்கவைத்து, அதையே உரமாக்கிக்கொள்கிறது. பஞ்சு போன்ற வேர்கள் மழைநீரைப் பிடித்து வைக்கின்றன. வயதான செடி ஈரத்தோடு 200 கிலோ வரை கனக்கும் என்று சபா மாநிலத்து டானும் பள்ளத்தாக்கில் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அதற்குள் எறும்பும் பூச்சியுமாக ஓர் ஊரே குடியிருப்பதை 2004-இல் உலகுக்குச் சொன்னார்கள். பட்டுப்போன கிளையானால் அந்தக் கனம் ஆபத்து.

மலாய்க்காரர்கள் இதை 'பாக்கு லங்சுயர்' என்பார்கள். இது வெற்றிலைப் பாக்கு அல்ல; பெரணிக்கு மலாயில் பாக்கு என்று பெயர். லங்சுயர், பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி. அது இச்செடியில் வந்து அமரும் என்பது பழைய நம்பிக்கை. அந்தப் பயத்தாலும் சில செடிகள் தப்பியிருக்கலாம்!

வீட்டில் வளர்க்க ஆசையா? காட்டில் பிய்த்து வராதீர்கள். இதற்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. முற்றிய இலையின் அடியில் சீப்புப் பல் போல் பழுப்பு வரிகள் தெரியும். அவற்றைக் காகிதத்தில் சுரண்டினால் தூள் உதிரும். ஒரு செங்கல்லைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறியபின் தட்டில் வைத்து, கொதித்து ஆறிய நீரைக் கொஞ்சம் ஊற்றுங்கள். கல்லின் மேல் தூளைத் தூவி, பிளாஸ்டிக் பையால் முழுவதும் மூடி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் பச்சை படரும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவ இலைகள் தோன்றும். அவற்றின் மேல் ஈரம் இருந்தால்தான் ஆணணு நீந்திப் பெண்ணணுவைச் சேரும். ஆகவே காயவிடாதீர்கள். மாதங்கள் கழித்துக் கன்று வரும். விரல் நீளம் வளர்ந்ததும் தேங்காய் மட்டையில் வைத்துக் கட்டுங்கள். காலை வெயில் போதும். உச்சி வெயில் ஆகாது. செடிக்கடியில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், கவனம்.

1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தபின், நகரைக் கல் வீடுகளாக எழுப்பச் சூளை போட்ட இடம் பிரிக்ஃபீல்ட்ஸ், பெயரே அதுதான். அந்த ஊரில் ஒரு செங்கல்லின் மேல்தான் அக்காளும் தன் பெரணிக் கன்றுகளை எழுப்பியிருந்தாள்.

"தோட்டத்தை விட்டு வந்தப்போ ஒரு கைப்பிடி மண்ணுகூட நமக்குன்னு இல்லையேன்னு அழுதேன் தம்பி. இது மண்ணே கேக்கலியே" என்றாள்.

பள்ளி திறந்ததும் முதல் வேலையாக, நான் தவறாகச் சொன்ன பாடத்தைப் பிள்ளைகளிடம் திருத்தினேன். இப்போது எங்கள் வகுப்பறைச் சன்னலோரம் நான்கு செங்கற்கள் பச்சை பிடித்திருக்கின்றன.