பென்சில்வேனியா நிலையம்: இடிந்த பிறகு வந்த சட்டம்

நியூயார்க் நகரின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963 அக்டோபர் 28 அன்று இடிக்கத் தொடங்கினார்கள். அது திறக்கப்பட்டு 53 ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்த நிலையம் வருவதற்கு முன், பென்சில்வேனியா ரயில்வேயின் தண்டவாளங்கள் ஹட்சன் ஆற்றின் மறுகரையிலேயே முடிந்துவிடும். பயணிகள் படகேறித்தான் நகருக்குள் வந்தார்கள். ரயில்வேயின் தலைவர் அலெக்சாண்டர் கசாட் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ரயிலை மன்ஹாட்டனுக்குக் கொண்டுவரத் திட்டமிட்டார். நிலையத்தை வடிவமைத்தவர் சார்லஸ் மக்கிம். பண்டைய ரோமின் கராகல்லா குளியல் மண்டபங்களை மனத்தில் வைத்து, சுமார் 150 அடி உயரக் காத்திருப்புக் கூடத்தை அவர் எழுப்பினார். வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புக் கருங்கல்லால் ஆன 84 தூண்கள். உள்ளே, நடைமேடைகளுக்கு மேலே, இரும்பும் கண்ணாடியுமான கூரை. 1910இல் நிலையம் முழுமையாகத் திறக்கப்பட்டபோது கசாட், மக்கிம் இருவருமே உயிரோடு இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிரம்பி வழிந்த நிலையம், பின்னர் காரும் விமானமும் பெருகப் பெருகக் கூட்டத்தை இழந்தது. நட்டத்தில் தவித்த ரயில்வே, நிலையத்துக்கு மேலே கட்டடம் எழுப்பும் உரிமையை விற்க முன்வந்தது. தரைக்கு மேலே உள்ளதை அகற்றிவிட்டு மேடிசன் ஸ்கொயர் கார்டன் விளையாட்டரங்கமும் அலுவலகக் கட்டடமும் கட்டுவது என்று முடிவாயிற்று.

1962 ஆகஸ்டில் கட்டடக் கலைஞர்கள் பதாகை ஏந்தி நிலையத்தின் முன் நின்றார்கள். பலன் இல்லை. நகரத் திட்ட ஆணையத்தின் முன் இருந்த கேள்வி, அந்த இடத்தில் அரங்கம் அமைக்க அனுமதிக்கலாமா என்பது மட்டுமே. அங்கே ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தின் அருமையை எடைபோட அதற்கு அதிகாரம் இல்லை. தனியார் சொத்தை உரிமையாளர் இடித்தால் தடுக்க நகரத்திடம் சட்டமும் இல்லை. தூண்களும் பல சிற்பங்களும் நியூஜெர்சியின் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டன.

அந்தக் காட்சி நகரத்தை உலுக்கியது. 1965 ஏப்ரலில் மேயர் ராபர்ட் வாக்னர் நினைவுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இனி, நினைவுச் சின்னப் பட்டியலில் சேர்ந்த கட்டடத்தை அதற்கான பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்புதலின்றி இடிக்கவோ மாற்றவோ முடியாது.

சட்டத்துக்கு உண்மையான சோதனை விரைவிலேயே வந்தது. 1968இல் பென்சில்வேனியா ரயில்வே தன் பழைய போட்டியாளரான நியூயார்க் சென்ட்ரலுடன் இணைந்து ‘பென் சென்ட்ரல்’ ஆனது. அந்தப் புதிய நிறுவனம், பட்டியலில் இடம்பெற்றிருந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைக்கு மேல் 50 மாடிக்கும் உயரமான கோபுரம் கட்ட விரும்பியது. ஆணையம் மறுத்தது, நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவின் முன்னாள் முதல் பெண்மணி ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ் உள்ளிட்டோர் நிலையத்துக்காகக் குரல் கொடுத்தார்கள். 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலையத்தை நிலையமாகவே நடத்தி வருமானம் பெற வழி இருக்கிறது. மேலே கட்டும் உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றவும் இடமுண்டு. ஆகவே இது சொத்துப் பறிப்பு ஆகாது என்றது நீதிமன்றம். பொதுநலனும் உரிமையாளரின் நலனும் ஒன்றாக வாழ முடியும் என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

பென்சில்வேனியா நிலையத்துக்கு ரசிகர்கள் இருந்தார்கள், புகழ் இருந்தது, உறுதியான கருங்கல் இருந்தது. சட்டம் மட்டும் இல்லை. அது இருந்ததால்தான் கிராண்ட் சென்ட்ரல் இன்றும் நிற்கிறது. உங்கள் ஊரில் நீங்கள் நேசிக்கும் பழைய கட்டடம் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். இல்லையென்றால், இடிக்கும் அறிவிப்பு வரும்வரை காத்திராமல் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.