காயத்தைக் காட்டியவர்

சிவகாசிக்கு அண்டையில் இருக்கிறது நாரணாபுரம். வெயில் தகிக்கும் பொட்டலில் பட்டாசு அறைகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்றில் தீப்பற்றினால் அடுத்ததாவது தப்ப வேண்டுமே! விபத்துகளைக் கண்ட பூமி இது. வெடிமருந்து மனித தேகத்தை எப்படிக் கருக்கும் என்று இங்கே எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த அறைகளைப் பார்த்தபோது திருகோணமலையின் நினைவு வந்தது. 2006 ஜனவரி 2-ஆம் தேதி அவ்வூர்க் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் மாண்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்துவிட்டது என்றது இராணுவத் தரப்பு. நாரணாபுரத்தாரிடம் இதைச் சொல்லியிருந்தால், "எங்கே, காயத்தைக் காட்டுங்கள்" என்றிருப்பார்கள்.

திருகோணமலையில் காயத்தைக் காட்டியவர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். 'சுடர் ஒளி' தினசரியின் நிருபர். அவர் பிடித்த படங்களில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைக்குண்டுக் கதை அதன் பின் நிற்கவில்லை. அதே மாதம் 24-ஆம் தேதி காலை, வேலைக்குப் புறப்பட்டவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

போர்முனைக்கு வந்து செய்தி திரட்டித் திரும்பும் அயல்நாட்டு நிருபரின் துணிவு பெரிதுதான். எதிரிகள் நடமாடும் தெருவிலேயே குடியிருந்து எழுதுகிறவரின் துணிவு அதனினும் பெரிது என்பேன். அவருக்குத் திரும்பிச் செல்ல வேறு ஊர் ஏது?

மாணவர் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட போலீஸார் 13 பேரை, சாட்சியம் போதாதென்று 2019-ல் நீதிமன்றம் விடுவித்தது. சாட்சி சொல்ல வேண்டியவர்கள் சிலர் அச்சத்தால் முன்பே நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். அந்தப் படங்கள் இருக்கின்றன.