அம்மம்மாவிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை

அம்மம்மா விழவில்லை. கிணற்றடியில் இருந்து திரும்பும்போது தொடை எலும்பு தானாக முறிந்தது. பார்க்க வந்த எல்லாரும் “எங்க விழுந்தவ?” என்றுதான் கேட்டார்கள். பேரப்பிள்ளைகள் எங்கள் மூவருக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பளையில் சிகிச்சை பெற்றவ. 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் புற்றுநோய்ப் பிரிவு கட்டினார்களே, அந்த வைத்தியசாலை. “அது சுகமாகீட்டுது” என்று நாங்கள் நம்பியிருந்தோம். அதனால் “தொடைச்சந்துக்குள்ள நோகுது” என்று அவ சொன்னபோது வாதம் என்று நினைத்து எண்ணெய் பூசிவிட்டோம். கால் ஊன்றினால் நோ கூடும், இருந்தால் குறையும். இரண்டு மாதம் பூசினோம்.

எக்ஸ்-ரேயைக் காட்டித்தான் டொக்டர் விளங்கப்படுத்தினார். மார்பு, நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட், புரொஸ்டேட் ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவக்கூடியவை. பரவிய எலும்பு கறையான் அரித்த வளை மாதிரி. தொடை எலும்பின் கழுத்து அப்படி முறிந்தால் ஆணி வைத்தாலும் பொருந்துவது கஷ்டம். பொருந்த அங்கே நல்ல எலும்பு இல்லை. அதனால் எலும்பின் தலையையும் கழுத்தையும் எடுத்துவிட்டு, உலோக மூட்டு ஒன்றை எலும்புச் சீமெந்தால் இறுக்குவார்கள். சீமெந்து சில நிமிடங்களிலேயே இறுகிவிடும், ஆகவே ஒன்றிரண்டு நாளில் எழும்பி நிற்கலாம். காயம் ஆறியபின் கதிர்ச்சிகிச்சை.

“இது புற்றுநோயை மாத்தாது. ஆயுளைக் கூட்டுறதுக்கும் இல்லை. நோவில்லாமல் எழும்பி நடக்கிறதுக்கு,” என்றார். இரத்தப்போக்கு, இரத்தக்கட்டி, கிருமித்தொற்று என்று ஆபத்துகளையும் மறைக்காமல் சொன்னார்.

அன்றிரவு வட்ஸ்அப்பில் ரொறன்ரோ மாமாவும் லண்டன் சித்தியும் வந்தார்கள். “கொஞ்சக் காலத்துக்கு ஏன் போட்டு வெட்டிக் கொத்துவான்? நிம்மதியாக் கிடக்கட்டும்,” என்றார் மாமா. நாங்களும் தலையாட்டினோம். ஆனால் வார்ட்டில் அவவைத் திருப்பிச் சட்டி வைக்கும் ஒவ்வொரு தடவையும் குழறினதைக் கேட்டவர்கள் நாங்கள்தான். அதையா நிம்மதி என்று சொன்னோம்?

இத்தனை கதைக்குள்ளும் அம்மம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பதென்றால் நோய் திரும்பி வந்ததைச் சொல்லவேண்டும். “தெரிஞ்சால் உடைஞ்சு போவா,” என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயம் எங்களுக்குத்தான்.

மூன்றாம் நாள் கடைசியாக எங்களில் இளையவள் அழுதழுது சொன்னாள். அம்மம்மா அவளின் கையைப் பிடித்துக்கொண்டா.

“எனக்குத் தெரியும் மோனை. செய்தால் நானாக் கக்கூசுக்குப் போகலாமோ?”

“போகலாம் எண்டுதான் டொக்டர் சொல்றார்.”

“பிறகேன் மினக்கெடுறியள்?”

சத்திரசிகிச்சைக்கு இரண்டாம் நாள் வோக்கரைப் பிடித்து நின்றா. புது மூட்டு விலகிவிடும் என்பதால் குந்தக்கூடாது, பதிவான கதிரையில் இருக்கக்கூடாது. ஆகவே வீட்டுக் கக்கூசுக்குக் கொமட் வைத்தோம், கட்டிலை உயர்த்தினோம். அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தா. கடைசி மூன்று கிழமையைத் தவிர மற்ற நாளெல்லாம் தானே போய், கதவைப் பூட்டி, தானே வந்தா. ஒரு நாள் நாங்கள் பின்னால் போனதற்கு நல்ல பேச்சும் வாங்கினோம்.

இந்தச் சத்திரசிகிச்சை எல்லாருக்கும் பொருந்தாது. சிலருக்கு உடல் தாங்காது, சிலருக்குக் காலம் போதாது, சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்வதும் அவர்கள்தான் சொல்லவேண்டியது.

புற்றுநோய் வந்த ஒருவர் கால் ஊன்ற நோகுது என்று சொன்னால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள், எக்ஸ்-ரே எடுப்பியுங்கள். முறிய முதலே கண்டுபிடித்தால் கம்பி வைத்து எலும்பைத் தாங்கவும் வழி இருக்கிறது. முறிந்துதான் தெரியவந்தாலும், வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்க முதல் அந்தக் கட்டிலடிக்குப் போய் “உங்களுக்கு என்ன விருப்பம்?” எண்டு ஒருக்காக் கேளுங்கோ. நாங்கள் மூன்று நாள் பிந்தித்தான் கேட்டோம்.