அடைக்கு ஒன்று, கூண்டுக்கு ஒன்று

பிப்ரவரி 8, சனி

செவலை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. நேற்று சாயங்காலமே சந்தேகம்தான். முட்டையிட்ட பிறகும் கூடையைவிட்டு இறங்கவில்லை. இன்று காலை கையை நீட்டினேன். இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு அடித்தொண்டையில் ஒரு உறுமல், உடனே மணிக்கட்டில் ஒரு கொத்து. அடிவயிற்றில் விரல் விட்டுப் பார்த்தால் இறகு உதிர்ந்த வெறும் தோல், சுடச்சுட. சந்தேகத்துக்கு இடமில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி நாமக்கல் ரோட்டில் ஒரு முட்டைப் பண்ணையில் வேலை பார்க்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தான். "எங்க பண்ணையில இத்தன ஆயிரம் கோழி இருக்குதுங்க்கா, ஒண்ணுகூட அடைக்கு உக்காந்து நான் பாத்ததில்ல." எப்படிப் பார்ப்பான்? வெள்ளை லெகார்ன் வழி வந்த கோழிகளுக்கு அடை ஆசையையே தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். அதனால்தான் அவை வருஷத்துக்கு 300 முட்டை இடுகின்றன. நம் சிறுவிடை பன்னிரண்டு, பதினைந்து இட்டதும் "போதும், இனி குஞ்சு" என்று உட்கார்ந்துவிடும். வருஷம் முழுக்கக் கூட்டினாலும் 60, 80 தேறும். ஆனால் கரண்டும் வேண்டாம், இன்குபேட்டரும் வேண்டாம்.

பிப்ரவரி 10, திங்கள்

விளக்கு வைத்த பிறகு அடை வைத்தோம். இருட்டில் வைத்தால் கோழி மிரளாமல் படிந்து உட்காரும். ஒரு வாரத்துக்கு மேல் ஆகாத முட்டைகளாகப் பன்னிரண்டு பொறுக்கினேன். ரொம்பப் பெரிசு, ஓடு மெலிந்தது, விரிசல் விட்டது எல்லாம் சமையலுக்குப் போனது. அழுக்காக இருந்தவற்றைக் கழுவவில்லை; கழுவினால் ஓட்டின் மேல் இருக்கிற மெல்லிய பூச்சு போய்விடும், கிருமி உள்ளே இறங்கும். ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் ஒரு கோடு. எங்கள் இன்னொரு கோழி பொறி, அதே கூடையில் வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும் பழக்கமுள்ளது. கோடில்லாததைத் தினமும் எடுத்துவிடலாம்.

மூங்கில் கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், நடுவில் கொஞ்சம் நொச்சி இலை. அத்தை தன் பங்குக்கு ஒரு ஆணி, அடுப்புக்கரி, இரண்டு மிளகாய் வற்றல் கொண்டுவந்து ஓரத்தில் செருகினார். இடி இடித்தால் முட்டை கூமுட்டை ஆகாமல் இருக்கவாம். மாசி பிறக்கப் போகிற நேரத்தில் இடி எங்கே வரப்போகிறது? ஆனாலும் மிளகாயால் யாருக்கும் நஷ்டமில்லை, இருக்கட்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

காலையில் பார்த்தால் செவலையின் கூடைக்குள்ளேயே பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கருப்பி. அதற்கும் அடை. இரண்டும் ஒன்றை ஒன்று கொத்திக்கொண்டு முட்டைகளை உருட்டுகின்றன. இரண்டு கோழி ஒரே கூடையில் உட்கார்ந்தால் பாதி முட்டை வெளியே கிடந்து குளிர்ந்துபோகும்.

கருப்பிக்கும் தனியாக அடை வைக்கலாம்தான். ஆனால் உட்கார்ந்து, பொரித்து, குஞ்சு வளர்த்து, அது மறுபடி முட்டைக்கு வர மூன்று மாசம் ஓடிவிடும். இரண்டு கோழியும் அப்படிப் போனால் பிள்ளைகளுக்கு முட்டைக்குக் கடைக்குத்தான் ஓட வேண்டும். குஞ்சுகளுக்கு இடமும் இல்லை, பருந்திடம் காவல் காக்க ஆளும் இல்லை. ஆகவே கருப்பியின் அடையைக் கலைக்க வேண்டும்.

அத்தைக்கு வழி ரெடி. "ஒரு வாளி தண்ணீல நாலு முக்கு முக்கி உடு கண்ணு, புத்தி வந்துரும்." அவர் அம்மா காலத்தில் உதிர்ந்த இறகை மூக்குத் துளையில் செருகி விடுவார்களாம். அதைக் கேட்டாலே எனக்கு மூக்கு எரிகிறது. அந்தக் கோழி இறகை உதறுவதிலேயே பொழுதைக் கழிக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர் வைத்தியத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. மூளைக்கடியில் சுரக்கிற புரோலாக்டின் என்ற ஹார்மோன்தான் அடைக்கு உட்கார வைக்கிறது. முட்டை கட்டுவதை நிறுத்துவதும் அதுதான். வெறும் வயிற்றுத் தோலில் கூட்டின் கதகதப்பு படப்பட அது சுரந்துகொண்டே இருக்கும். வயிற்றைக் குளிரவைத்தால் குறையும். ஆனால் வாளித் தண்ணீரின் குளிர்ச்சி அரை மணி நேரம் நிற்குமா? ஈரம் காய்ந்ததும் நேரே கூடைக்குத்தான் போகும். கூடே கண்ணில் படாமல், அடியில் காத்து ஓடுகிற இடத்தில் சில நாள் விடுவதுதான் சரி.

பழைய முயல் கூண்டின் அடி முழுக்கக் கம்பி வலை. நாலு மூலைக்கும் செங்கல் வைத்து உயர்த்தி, வேப்பமரத்தடியில் வெளிச்சம் விழுகிற இடமாக வைத்தேன். உள்ளே தண்ணீர், கம்பு. வைக்கோல் ஒரு துரும்புகூட இல்லை. பட்டினி போட்டால் அடை தெளியும் என்கிறவர்களும் உண்டு. அடைக்கோழி ஏற்கெனவே சரியாகத் தின்னாமல் இளைத்திருக்கும், அதைப் பட்டினி போடுவது அநியாயம்.

அத்தை சமாதானமாகவில்லை. நான் கோயிலுக்குப் போன நேரத்தில் கருப்பியை ஒருதரம் முக்கியெடுத்துத்தான் கூண்டில் விட்டிருக்கிறார். வாளி நனைந்து கிடந்தது.

பிப்ரவரி 15, சனி

கருப்பியின் உறுமல் நின்றுவிட்டது. இறகு படிந்திருக்கிறது. திறந்து விட்டேன். கூடைப் பக்கம் போனால் மறுபடி கூண்டு என்று காத்திருந்தேன். அது நேரே குப்பைமேட்டுக்குப் போய்ச் சீய்க்க ஆரம்பித்தது.

பிப்ரவரி 17, திங்கள்

ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகலமான பக்கத்தில் செல்போன் டார்ச்சை வைத்துப் பார்த்தோம். ஏழு நாள் கரு என்றால் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால்கள் போலச் சிவப்பு நரம்புகளும் தெரியும். பத்தில் தெரிந்தது. ஒன்றில் புள்ளி அசைந்தது. சின்னவள் கத்தியே விட்டாள். இரண்டு முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சம், கரு கூடாதவை. அவற்றை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

செவலை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குகிறது, உச்சி வெயிலுக்கு முன்னால். இறங்கியதும் முதல் வேலை, ஒரு நாள் முழுக்க அடக்கிவைத்ததை ஒரே கட்டியாகப் போடுவது. அந்த நாற்றத்துக்கு வேலிக்கு அப்பால் இருக்கிறவர்களே மூக்கைப் பொத்துவார்கள். பிறகு அவசர அவசரமாகத் தீனி, தண்ணீர், சாம்பல் குழியில் ஒரு புரளல். கால் மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. அந்த இடைவெளியில் கூடையைத் தட்டிப் பார்த்தேன், பேன் இல்லை. அடைக்கூடையில் பேன் ஏறிவிட்டால் கோழி பாதியிலேயே எழுந்து போய்விடும்.

கூடையில் ஏறியபின் அது உட்காருகிற விதத்தைப் பார்க்க வேண்டும். அலகை முட்டைக்கு அடியில் விட்டு, தாடையால் இழுத்து, ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் மாற்றியது. பிறகு இடமும் வலமுமாக அசைந்து அசைந்து அடங்கியது. இதை ஒரு நாளில் பலமுறை செய்கிறது. புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

பிப்ரவரி 28, வெள்ளி

பதினெட்டாம் நாள். இனி முட்டையைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. தண்ணீர்க் கிண்ணத்தைக் கூடைக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

ஓட்டுக்குள்ளிருந்து கீச் என்கிறது. செவலை அதுவரை போடாத ஒரு மெல்லிய சத்தத்தில் பதில் சொல்கிறது. ஒரு முட்டையில் சின்னக் கீறல்.

மார்ச் 3, திங்கள்

எட்டு. ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்திருந்தது, ஒன்று கூமுட்டை. "மொளகா வெச்சதாலதான் எட்டாச்சும் வந்துது" என்றார் அத்தை.

முதல் குஞ்சுக்கு இன்னும் தீனி வைக்கவில்லை. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். மற்றவை பொரிக்கும்வரை தாயும் எழாமல் இருக்க முடிவது அதனால்தான்.

மார்ச் 8, சனி

கருப்பி முட்டையிட்டது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சிறிசு. நான் கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும்போது அத்தை முட்டையோடு வந்தார். "பாத்தியா, தண்ணீல முக்குனது வேல செஞ்சிருச்சு." வாளிக்கா, கூண்டுக்கா என்று பிரித்துச் சொல்ல எனக்கும் வழியில்லை, இரண்டையும் சேர்த்தே அனுபவித்த கோழி அது.

மார்ச் 10, திங்கள்

ஏழாம் நாள், ராணிக்கெட் தடுப்பு மருந்து. வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். மருந்துக் குப்பி 100 டோஸ். எங்களுக்கு வேண்டியது எட்டுச் சொட்டு. கரைத்துவிட்டால் ரொம்ப நேரம் வைத்திருக்க முடியாது. அதனால் தெருவில் குஞ்சு வைத்திருக்கிறவர்களை எல்லாம் காலையிலேயே வரச் சொல்லியிருந்தேன். ஐஸ் போட்ட தூக்குவாளியில் மருந்து, திண்ணையில் அட்டைப்பெட்டிகள். ஒரு குஞ்சுக்கு ஒரு கண்ணில் ஒரு சொட்டு. இமை மூடித் திறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். கொடாப்புக்குள் அடைத்துவைத்த செவலை, மூங்கில் சந்தில் தலையை விட்டு, போகிற வருகிறவர் கணுக்காலையெல்லாம் கொத்தியது. பக்கத்து வீட்டுத் தம்பியின் அம்மாவுக்கு ரத்தமே வந்துவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டி, ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பினேன்.