தண்டவாளத்தைப் பார்த்த வாசல்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வின்ஸ்லோ என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் செம்மண் பாலைவனம், குத்துச்செடிகள், ஓயாத காற்று. கிராண்ட் கேன்யன் பார்க்கப் போகிறவர்கள் பலரும் நெடுஞ்சாலையிலேயே இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாமல் உள்ளே திரும்புகிறவர்களுக்கு ஒரு மாளிகை காத்திருக்கிறது. பெயர், லா பொசாடா. ஸ்பானிஷ் மொழியில் ‘சத்திரம்’ என்று அர்த்தம். சத்திரம் என்றதும் திண்ணையும் கிணறும் ஞாபகத்துக்கு வந்தால், சாரி... இது சொகுசு ஹோட்டல்!

இப்படியொரு பொட்டல் காட்டில் எதற்கு இவ்வளவு பெரிய ஹோட்டல்? ரயில்தான் காரணம். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஓடிய சாண்டா ஃபே ரயில்வே பாதை நெடுகிலும் ஃப்ரெட் ஹார்வி நிறுவனம் உணவகங்களும் ஹோட்டல்களும் நடத்தியது. வின்ஸ்லோ ஹோட்டலை வடிவமைக்கும் வேலை மேரி கோல்ட்டர் என்ற பெண்ணிடம் வந்தது. பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கட்டடக்கலை என்றாலே ஆண்கள் வேலை என்றிருந்த காலத்தில், கிராண்ட் கேன்யன் விளிம்பில் ஹோபி ஹவுஸ், ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் என்று கட்டிக் காட்டியவர்.

கோல்ட்டர் வேலை செய்த விதமே தனி. முதலில் கதை, அப்புறம்தான் கட்டடம். ஒரு பணக்கார ஸ்பானிஷ் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பங்களா, காலப்போக்கில் விடுதியாக மாறியிருக்கிறது என்று கற்பனை செய்துகொண்டார். அந்தக் கதைக்குப் பொருந்தும்படி வளைவுகள், ஓடுகள், தோட்டம், மேஜை, நாற்காலி, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் அமைந்தன. ஆஷ்ட்ரே கூட முயல் உருவத்தில்! புத்தம் புதுக் கட்டடம் நூறு வருஷம் பழசாகத் தெரிய வேண்டும். சினிமாவில் செட் போடுகிறவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியும்.

1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. ஏழே மாதத்தில், 1930 மே மாதம், ஹோட்டல் திறந்தது. நேரம் சரியில்லை என்பார்களே, அதேதான். ஆனாலும் ஐன்ஸ்டீன் வந்தார், விமானி லிண்ட்பெர்க் வந்தார், ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்தார்கள். பிறகு ரயிலில் வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். காரும் விமானமும் அவர்களை அழைத்துப் போய்விட்டன.

1957-ல் ஹோட்டலை மூடினார்கள். கோல்ட்டர் அப்போது உயிரோடு இருந்தார், எண்பது வயதைத் தாண்டியவராக. பார்த்துப் பார்த்துச் செய்த வீடு கண் முன்னாலேயே பூட்டப்பட்டது. அடுத்த வருடம் ஜனவரியில் அவர் இறந்துபோனார். 1959-ல் மேஜை நாற்காலிகள் ஏலத்தில் போயின. விருந்து நடந்த மாளிகை, ரயில்வே ஆபீஸ் ஆனது. ஒரு விதத்தில் அந்த ஆபீஸுக்கு நன்றி சொல்ல வேண்டும். காலியாகவே கிடந்திருந்தால் எப்போதோ இடித்திருப்பார்கள்.

1990-களில் ரயில்வேயும் கைவிட்டது. ஆபத்திலிருக்கும் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் 1994-ல் லா பொசாடா பெயர் ஏறியது. அதை அறிந்து ஆலன் ஆஃபெல்ட் என்பவர் தேடி வந்தார். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1997-ல் வாங்கி, ஓவியரான மனைவி டீனா மியானுடன் அங்கேயே குடியேறினார். ஒரேயடியாகப் புதுப்பித்துவிட்டுத் திறக்கவில்லை. விருந்தினர்களை வைத்துக்கொண்டே அறை அறையாக மீட்டார்கள். சுவர்களில் இப்போது டீனாவின் ஓவியங்கள் தொங்குகின்றன. சில, கொஞ்சம் திடுக்கிட வைக்கும்!

அறைகளுக்கு அங்கே தங்கிய பிரபலங்களின் பெயர்கள். உணவகத்தின் பெயர் டர்க்காய்ஸ் ரூம். ஒரே கிண்ணத்தில் பாதி கறுப்பு பீன்ஸ் சூப், பாதி சோள சூப் ஊற்றித் தருவது அதற்குப் பேர் வாங்கித் தந்தது.

ஒரு எச்சரிக்கை. சரக்கு ரயில்கள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. மெல்லிய தூக்கக்காரர்கள் தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கத்து அறையைக் கேட்டு வாங்குவது நல்லது. கட்டும்போது அதுதான் பின்பக்கம். ரயில் பயணிகளுக்காக கோல்ட்டர் வைத்த முன்வாசல் தண்டவாளத்தைப் பார்த்தபடி இருக்கிறது. சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஓடும் சவுத்வெஸ்ட் சீஃப் ரயில் இன்றும் அங்கே நிற்கிறது. பெட்டியோடு இறங்கி, அந்த வாசல் வழியாகவே உள்ளே நடந்து போகலாம்.