24-க்குச் சொந்த ஊர் எது?

கருத்தரங்கக் கூடத்துச் சுவரில் அந்த ஸ்டிக்கரை ஒட்டியவள் நான்தான். மேலே ஒரு பச்சை இலை. நடுவில் 'ஏசியை 24 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்'. அடியில் 'எரிசக்தி சேமிப்புக் குழு'. குழு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நான், மின்துறையில் இணைப் பேராசிரியர் ஒருவர், கையெழுத்து வாங்க மட்டும் வரும் அலுவலக உதவியாளர் ஒருவர், அவ்வளவுதான். உயர்கல்வி நிறுவனங்களைத் தரம் பார்க்கும் நாக் அமைப்பின் படிவத்தில் ஏழாவது அளவுகோல் என்று ஒன்று உண்டு. சூரிய மின்தகடு இருக்கிறதா, சாண எரிவாயுக் கலன் இருக்கிறதா, எல்இடி விளக்கு மாட்டியாயிற்றா என்று வரிசையாகக் கேட்கும். அந்தக் கேள்விகளுக்குப் பிறந்த பிள்ளைதான் எங்கள் குழு.

மே மாதம். வெளியே தார்ச்சாலை இளகிக்கொண்டிருந்தது. கூடத்துக்குள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் ஸ்டிக்கரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் மேடம் 24? 25 ஏன் இல்ல?"

"அரசாங்கம் சொல்லியிருக்கும்மா."

"அவங்களுக்கு யார் சொன்னாங்க?"

இருபது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அந்த நாளை வர ஐந்து வாரம் ஆயிற்று.

என் வீடு செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கரைப் பக்கம். எங்கள் வளாகம் செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கிறது. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்லூரிப் பேருந்தில் போய்வருகிற நேரத்தைத்தான் இந்தத் தேடலுக்குச் செலவிட்டேன். மடியில் காகிதக் கட்டு, மூக்கில் கண்ணாடி.

முதலில் கிடைத்தது அரசாணை. நட்சத்திரக் குறியீடு ஒட்டுகிற எரிசக்தித் திறன் செயலகத்தை, அதாவது பீஇஇ-யை, கலந்து மத்திய அரசு 2019 அக்டோபர் கடைசியில் வெளியிட்ட அறிவிக்கை அது. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. படித்துப் பார்த்தபோது முகம் சிவந்தது. 24-க்குக் கீழே போகக் கூடாது என்று அதில் எங்குமே இல்லை. அறை ஏசியை இயக்கியதும் முதன்முதலில் அது தானாகக் காட்டும் எண் 24 ஆக இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. அதன் பிறகு 18-க்கு இறக்குவதும் 28-க்கு ஏற்றுவதும் ரிமோட் பிடித்தவர் பாடு. உற்பத்தியாளருக்கு இட்ட கட்டளையை நான் மாணவர்களுக்கு இட்ட கட்டளையாக மாற்றிச் சுவரில் ஒட்டிவிட்டேன். போதாததற்கு, எங்கள் கூடத்து ஏசிகள் 2014-இல் வாங்கியவை. அந்த அறிவிக்கைக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதற்கு முந்தைய படி 2018 ஜூன். மத்திய மின் அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. வணிக வளாகங்களிலும் ஓட்டல்களிலும் ஏசியை 18 முதல் 21 வரை வைக்கிறார்கள், பிறகு உள்ளே இருப்பவர்கள் கம்பளி போர்த்திக்கொள்கிறார்கள், இது மின்சாரத்தை வீணடிப்பது என்றது. ஒரு டிகிரி உயர்த்தினால் மின் செலவு சுமார் 6 சதவீதம் குறையும் என்றும் கணக்குச் சொன்னது. 2025 ஜூனில் இன்னொரு அறிவிப்பு: 20-க்குக் கீழே இறங்கவே முடியாதபடி ஏசிகளைச் செய்ய வைக்கப் போகிறோம் என்று. ஆக, 24 என்பது ஒரு பேரம் என்று எனக்குப் பட்டது. பதினெட்டில் பழகியவனை முப்பதுக்கு வா என்றால் வர மாட்டான், நடுவில் ஒரு விலை சொல்லிப் பார்ப்போம் என்கிற சந்தைப் பேரம். தவறு என்று சொல்லவில்லை. ஆனால் மாணவி கேட்டது விலையை அல்ல, சரக்கை. மனித உடம்புக்கு எது சுகம் என்பதை யார், எங்கே, யாரை வைத்து அளந்தார்கள்?

இங்கேதான் தேடல் என்னை வேறு ஒரு வளாகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம். 1960-களில் அங்கே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் நினைத்தபடி மாற்றக்கூடிய ஓர் அறை இருந்தது. அந்த அறைக்குள் மாணவ மாணவியரைப் பத்துப் பத்துப் பேராக உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பருத்திச் சட்டை, கால்சட்டை. மூன்று மணி நேரம். குளிர்கிறதா, சரியாக இருக்கிறதா, வெக்கையா என்று ஏழு படி கொண்ட அளவில் இடையிடையே எழுதிக் கொடுக்க வேண்டும். இப்படி 720 பேர். 1966-இல் வெளியான ஆய்வு இது. டென்மார்க்கில் பி.ஓ. ஃபேங்கர் என்ற பொறியாளர் இதே முறையில் 128 மாணவர்களையும் 128 முதியவர்களையும் உட்கார வைத்துப் பார்த்தார். இரண்டையும் சேர்த்து அவர் 1970-இல் எழுதிய நூலும் அதிலுள்ள சமன்பாடும்தான் உலகெங்கும் ஏசிக் கட்டடங்களை வடிவமைக்கும் தரநிலைகளுக்கு ஆணிவேர்.

எங்கள் கூடத்தின் குளிருக்கு மூதாதை ஒரு வகுப்பறைதான் என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்த மாணவர்கள் விரும்பிய வெப்பநிலை எவ்வளவு? லேசான உடை, அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்பு, ஏறக்குறைய அசையாத காற்று. அந்த நிலையில் டேனிஷ்காரர்கள் கேட்டது 25-க்கும் 26-க்கும் நடுவே. அமெரிக்கர்களும் அதையே ஒட்டித்தான் கேட்டார்கள். பனி பெய்கிற நாட்டுப் பிள்ளைகளே 25-க்கு மேல் கேட்டிருக்க, மே மாதத்துச் செங்கல்பட்டுப் பிள்ளைகளுக்கு யார் பதினெட்டை வைத்தது? கோட்டும் டையும்தான் வைத்தன என்பது என் துணிபு. விருந்தினர் கோட்டோடு வருவார், மேடையில் இருப்பவர்களும் கோட்டோடு இருப்பார்கள். கோட்டுக்குள் இருக்கிற நாலு பேருக்காகச் சுடிதாரிலும் அரைக்கைச் சட்டையிலும் இருக்கிற இருநூறு பேர் நடுங்குகிறார்கள். எங்கள் மாணவர்களுக்கு ஷூவும் 'டக் இன்'னும் கட்டாயம் என்பது தனிக் கதை.

சரி, நம் ஊரில் யாரும் அளக்கவில்லையா? அளந்திருக்கிறார்கள். சி.ஜி. வெப் என்ற ஆங்கிலேயர் (பெயரே பாதி வெப்பம்) சிங்கப்பூரிலும் பாக்தாதிலும் நம் ரூர்க்கியிலும் மக்களிடம் கேட்டுக் குறிப்பெடுத்தார். அவற்றில் ரூர்க்கி, பாக்தாத் குறிப்புகளை 1974-இல் ஃபெர்கஸ் நிக்கோல் அலசினார். ஆய்வறையில் அடைத்து அல்ல, அன்றாட வேலையில் இருந்தவர்களிடம் கேட்டது. முப்பதைத் தாண்டியும் அவர்கள் பெரிதாகக் குறைபட்டுக்கொள்ளவில்லை. காற்று அசைந்தால் இன்னும் தாங்கினார்கள். ரூர்க்கியிலேயே மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சர்மாவும் அலியும் 1986-இல் வெப்பமண்டலக் கோடைக் குறியீடு என்று ஒன்றை வகுத்தார்கள். அதில் சுகமான எல்லை 25 முதல் 30 வரை, நடுப்புள்ளி 27.5.

பிறகு 2014. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் ஐந்து நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களுக்குள் போய் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டியது. அந்த ஐந்தில் ஒன்று சென்னை. வெக்கையும் புழுக்கமும் சேர்ந்த வட்டாரத்துக்குச் சென்னைதான் சாட்சி. அதில் வந்த சூத்திரத்தில் எங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கடந்த முப்பது நாள்களின் வெளிவெப்பச் சராசரி 32 என்று வைத்துக்கொண்டால், ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் கட்டடத்தில் சுகமான வெப்பம் 30-ஐ ஒட்டி வருகிறது. வேண்டும்போது மட்டும் ஏசி போடும் கட்டடத்தில் 27. சென்னைக்காரன் வாயால் சொன்னது இருக்க, நான் கான்சாஸுக்கும் டெல்லிக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

ஆனால் முப்பது என்றால் அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: காற்று வர வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை மாமல்லபுரம் போனேன். வேலை ஒன்றுமில்லை, எண்களைப் பார்த்துக் கண் வலித்தது. கடற்கரைக் கோயிலைத் தாண்டி மீனவர் குப்பத்தில் ஒரு பெரியவர் கொட்டகை நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். எத்தனை டிகிரி இருந்தால் உங்களுக்குச் சுகம் என்று கேட்டேன். படித்தவர்களின் அசட்டுத்தனத்துக்குப் பழகியவர் போல. கோபித்துக்கொள்ளவில்லை.

"டிகிரி எனக்கு எதுக்கும்மா? மேக்காத்து நின்னுச்சுன்னா வேகும். ஈரான் எறங்கிச்சுன்னா ஒடம்பு ஆறிடும்."

மேக்காத்து என்றால் மேற்கிலிருந்து வருவது, ஈரான் என்றால் தென்கிழக்கிலிருந்து வருவது. நேர் கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடகிழக்கிலிருந்து வந்தால் வாடை, தென்மேற்கிலிருந்து வந்தால் கச்சான். திசைக்கொரு பெயர். நான் வகுப்பில் 'கடல்காற்று' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன்: நிலம் சீக்கிரம் சூடாகும், மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரும், இரண்டு மதிப்பெண். மேல்காற்று வலுத்தால் அது கரையேறத் தாமதமாகும் என்பதையும், கரையில் நண்பகலுக்கு வருவது செங்கல்பட்டை எட்ட மாலை ஆகிவிடும் என்பதையும் என் வீட்டு மொட்டைமாடியே சொல்லியிருக்கிறது. நான்தான் பாடத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உங்க காலேசு ஜன்னலு எந்தப் பக்கம் பாக்குது?"

தெரியவில்லை. பதினோரு ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் பாடம் நடத்துகிறேன்.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தேன். மேற்கே தரையிலிருந்து கூரை வரை திறக்க முடியாத கண்ணாடி. மாலை வெயில் முழுவதும் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. கிழக்குச் சுவரில் புரொஜெக்டர் திரைக்குப் பின்னால் ஆறு ஜன்னல்கள், மேலே ஆறு வெண்டிலேட்டர்கள். எல்லாவற்றிலும் தெர்மாகோல் வெட்டி அடைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். கட்டியவர் காற்றின் திசை அறிந்தே கட்டியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அடைத்திருக்கிறார்கள்.

வளாகம் தொடங்கிய காலத்திலிருந்து இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணே, இந்தக் கூடத்துல முன்னாடி ஃபேன் இருந்துச்சா?"

"பன்னெண்டு இருந்துச்சு மேடம். ஏசி வந்தப்போ ஃபால்ஸ் சீலிங் போட்டாங்க, ஃபேனெல்லாம் கழட்டி ஸ்டோருக்குப் போயிடுச்சு. கொக்கி மட்டும் மேலதான் இருக்கு."

அன்றைய கணக்கு இது. இரண்டு டன் ஏசி நான்கு, ஒன்றுக்கு இரண்டு கிலோவாட் என்றாலும் எட்டுக் கிலோவாட். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட்டுக்குள் அடங்கும். பன்னிரண்டு மாட்டினாலும் 360 வாட். கண்ணாடிச் சுவரை ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பந்தல் போட்டுக் கொடி ஏற்றலாம் என்று மின்துறைக்காரர் சொன்னதற்கு மேலிடத்தில் 'பார்க்கலாம்' என்று பதில் வந்தது. ஏசியைக் கழற்றச் சொல்லவில்லை. விசிறி சுழன்றால் ஏசி 28-இல் நின்றாலே போதும், மேல்காற்று நாள்களில் மட்டும்.

ஸ்டிக்கரைக் கிழிக்கக் கேட்டேன். நாக் குழு வந்து போகும்வரை இருக்கட்டும் என்றார்கள்.

விசிறி கேட்டுக் கோப்பு எழுதும் முன் கொக்கிகளை எண்ணிவிடலாம் என்று மாணவியையும் அழைத்துக்கொண்டேன். அண்ணன் ஏணி போட்டு நான்கு சதுர ஓடுகளைத் தள்ளி, டார்ச்சை அவள் கையில் கொடுத்தார். திரையைச் சுருட்டி இரண்டு வெண்டிலேட்டரின் தெர்மாகோலை அன்று காலையே பெயர்த்திருந்தோம். மணி பன்னிரண்டே முக்கால். மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டின் தாள் லேசாகப் புரண்டது.

"பன்னெண்டு மேடம்." மேலிருந்து குரல் வந்தது. பிறகு, "இல்ல, இருங்க. கடைசிக் கொக்கியில அணில் கூடு கட்டியிருக்கு. உள்ள குட்டி இருக்கு."

அண்ணன் ஏணியைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். "பதினொண்ணுன்னே எழுதிக்குங்க மேடம்."

எழுதிக்கொண்டேன்.