மல்லர் கம்பமும் அங்கீகாரமும்

மல்லர் கம்பம், தரையில் நட்ட மரக்கம்பத்தில் உடலை வளைத்தும் தலைகீழாகத் தொங்கியும் ஆடும் வித்தை. சுமார் எட்டரை அடி உயரக் கம்பம் மேலே போகப்போகச் சிறுக்கும். வழுக்கிவிடவும் கூடாது, தோல் உரியவும் கூடாது என்று அதில் விளக்கெண்ணெய் தடவுவார்கள். கயிற்றில் ஆடுவது இன்னொரு வகை. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றைக் கவ்விக்கொண்டு, முடிச்சே போடாமல் உடம்பைச் சுற்றி நிற்க வேண்டும். இடுப்பில் பாதுகாப்புப் பட்டை கிடையாது. கீழே மெத்தை மட்டும்தான்.

மராட்டியத்தில் வேரூன்றிய இக்கலை தமிழ்நாட்டில் பரவியது விழுப்புரத்திலிருந்து. காவல்துறையில் பணியாற்றிய உலகதுரை அங்கே பிள்ளைகளைப் பழக்கினார்.  ஆனாலும் கபடிக்குத் திரளும் கூட்டம் இதற்குத் தமிழ்நாட்டில் திரள்வதில்லை.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் செய்துகாட்டப்பட்ட விளையாட்டு இது. முதல் உலகப் போட்டியோ 2019இல்தான், மும்பையில் நடந்தது. 2022இல் கேலோ இந்தியா இளைஞர் போட்டியிலும் தேசிய விளையாட்டுப் போட்டியிலும் இடம் கிடைத்தது.

ஆபத்தானது என்பதற்காக ஒரு விளையாட்டைக் கொண்டாட வேண்டியதில்லை. மல்லர் கம்பத்துக்கு அங்கீகாரம் பெறும் உரிமையைத் தருவது பல ஆண்டுப் பயிற்சியும் தெளிவான மதிப்பெண் முறையும். கிராமத்துப் பிள்ளைக்குக் கைதட்டலைவிட, கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் செல்லுபடியாகும் சான்றிதழே பெரிது. கம்பம், கயிறு, மெத்தைக்குப் பெரிய செலவில்லை; தட்டுப்பாடு பயிற்சியாளருக்குத்தான்.